நாடியற்ற நோய்: இரு கைகளையும் பார்க்க வேண்டியதன் காரணம்

"நாடி விழுந்துவிட்டது" என்னும் சொல்லை நம் பக்கத்தில் எந்த வேளையில் சொல்வார்கள் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்த பெரியவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், உறவினருக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். நாடி என்பதும் உயிர் என்பதும் நம் மனத்தில் ஒன்றாகவே இருந்து வருகின்றன. ஆனால் ஒரு கையில் நாடியே தட்டுப்படாத நிலையில், உண்டு உறங்கி, தறியில் அமர்ந்தும் காட்டில் களை எடுத்தும் நடமாடி வரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய நோய்க்கு வைத்திய உலகில் "நாடியற்ற நோய்" என்றே ஒரு பெயர் வழங்கியது. அதை முதலில் விவரித்த ஜப்பானிய வைத்தியரின் பெயரால் தகயாசு நோய் என்று இன்று அதனை அழைக்கிறார்கள். உடலின் பெரிய இரத்தக் குழாய்களுடைய சுவர், உடலின் சொந்தத் தற்காப்புச் சக்தியாலேயே தாக்கப்பட்டு, அழன்று, தடித்துப் போவதுதான் இந்நோய்.

நூல் விலையும் மஞ்சள் விலையும் பேச வேண்டிய ஏட்டில் இதற்கு இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நோய் அபூர்வமானதுதான். மேல்நாட்டுக் கணக்குகளின்படி 10 இலட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஓரிருவருக்கே இது புதிதாகக் காண்கிறது. ஜப்பான், இந்தியா முதலிய ஆசிய நாடுகளில் அதனினும் கூடுதலாகத் தென்படுகிறது. எனினும் அபூர்வம் என்பதற்காக ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. இது பெரும்பாலும் 10 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களையே பற்றுகிறது. அதாவது, ஒரு நெசவுக் குடும்பத்தில் பாவு ஓட்டுவதும் ஊடை சுற்றுவதும், ஒரு விவசாயக் குடும்பத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்குவதும் மஞ்சள் அரிவதும் யாருடைய கைகளோ, அந்தக் கைகளைத்தான் இது தேடி வருகிறது. வேலையால் வந்த அசதி என்று சொல்லிவிட மிகவும் வசதியாக இருப்பதால், நம் போன்றோர் வீடுகளில் இந்நோய் நீண்ட காலம் ஒளிந்திருக்க இடமுண்டு. அதைச் சந்தேகிப்பதற்கு முதலில் வேண்டுவதோ பொருட்செலவு சிறிதுமற்ற ஒரு காரியம். அதனைப் பின்னர் சொல்வோம்.

முதலில் குழாயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, பெருவிரல் பருமனுள்ள ஒரு தலைவாய்க்காலைப் போன்றது. அது மேலெழுந்து வளையும் இடத்திலேயே மூன்று கிளைகள் பிரிகின்றன. முதற்கிளை வலது கைக்கும் கழுத்தின் வலப்புறத்துக்கும், அடுத்தது கழுத்தின் இடப்புறத்துக்கும், மூன்றாவது இடது கைக்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும். பிறகு பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, குடலுக்கும் இரு சிறுநீரகங்களுக்கும் கிளைவிட்டு, தொப்புளின் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்லும். இவற்றின் சுவர் வெறும் தோலன்று. மூன்று அடுக்குள்ளது, இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் விரிந்து கொடுத்து, மீண்டும் தன் நிலைக்கு வரும் நெகிழ்ச்சி உடையது. மணிக்கட்டில் நம் விரலுக்குத் தட்டுப்படும் நாடி அந்த விரிவும் சுருக்கமுமேயன்றி வேறில்லை.

வயோதிகத்தில் இரத்தக் குழாய் அடைபடுவதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது வாய்க்காலில் வண்டல் படிவதைப் போன்றது. கொழுப்பு உட்புறத்தில் படிந்து படிந்து வழியைக் குறுக்கும். தகயாசு நோயில் நிகழ்வது அதுவன்று. இங்கே கரையே உப்புகிறது. குழாயின் புற அடுக்கில், குழாய்ச் சுவருக்கே உணவு கொண்டுவரும் மிக நுண்ணிய நாளங்கள் உண்டு. அவற்றின் வழியாக வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, பகைவரைக் கண்டாற்போல் சண்டை தொடுக்கின்றன. சுவர் வீங்கித் தடிக்கிறது. நெகிழ்ச்சி தரும் இழைகள் அழிகின்றன. பிறகு காயம் ஆறித் தழும்பு ஏறுவதைப்போல் உட்புறம் இறுகுகிறது. வெளியே குழாய் பருத்திருக்க, உள்ளே வழி மட்டும் ஒரு நூலளவாகக் குறுகிவிடும். சிலருக்கு மாறாக, வலுவிழந்த சுவர் பலூன்போல் புடைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலோரிடம் காண்பது குறுக்கமே.

உடல் தன்னைத் தானே ஏன் தாக்குகிறது என்னும் கேள்விக்கு முடிவான விடையை வைத்திய சாஸ்திரம் இன்னும் தரவில்லை. எச்.எல்.ஏ.-பி 52 என்னும் ஒரு மரபுக் கூறு உடையவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாக ஜப்பானிலும் இந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். ஆயினும் அக்கூறு உடையவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஆகவே இதைப் பரம்பரை வியாதி என்று முத்திரை குத்துவது தவறு. தொட்டால் ஒட்டும் நோயுமன்று. உண்ட உணவாலோ, செய்த வேலையாலோ, சாபத்தாலோ வந்ததுமன்று. நோயாளியின் தட்டையும் பாயையும் தனியே வைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

இனி இதன் வரலாறு. 1908-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் கனசாவா நகரைச் சேர்ந்த கண் வைத்தியப் பேராசிரியர் மிகிட்டோ தகயாசு, 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் நுண்ணிய இரத்த நாளங்கள் மாலைபோல் வளையமிட்டிருந்ததை விவரித்தார். நோய் கண்ணில்தான் என்று அவர் எண்ணினார். அதே சமயத்தில் ஓனிஷி, ககோஷிமா என்னும் வேறு இரு வைத்தியர்கள், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை என்று தெரிவித்தார்கள். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? கழுத்துக் குழாயும் கைக்குழாயும் ஒரே வளைவிலிருந்து பிரிவதுதான் சம்பந்தம். தலைக்குச் செல்லும் இரத்தம் குறைந்தமையால் கண்ணிலுள்ள நாளங்கள் தம்மால் இயன்ற மாற்றுவழியைத் தேடிப் புதிதாகக் கிளைத்திருக்கின்றன. 1951-இல் ஷிமிசு, சானோ என்பவர்கள் இதனை ஆங்கிலத்தில் விவரமாக எழுதியபோது இட்ட பெயர்தான் நாடியற்ற நோய் என்பது.

இந்தியாவில் இந்நோய் சற்று வேறு முகம் காட்டுகிறது என்பதைக் கண்டவர்கள் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். 1968-இல் இந்நாட்டின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்த டாக்டர் பி. கே. சென் அவர்களும் அவருடைய சகாக்களும், 1963-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ ஏடொன்றில், பெருந்தமனியின் நடுப்பகுதி குறுகிப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானில் கழுத்தையும் கையையும் நோக்கிச் செல்லும் மேற்கிளைகள் மிகுதியாகக் கெட, இங்கே வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் சிறுநீரகக் கிளைகளும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதைப் பின்னர் பலரும் உறுதி செய்தனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். நமக்கு அண்மையில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்நோய்க்கென்றே தொடர்ந்த கவனமும் ஆராய்ச்சியும் நடந்து வருகின்றன. அங்குள்ள டாக்டர் தேபாஷிஷ் தண்டா, இலட்சுமணபுரி என நம் முன்னோர் சொன்ன லக்னோவைச் சேர்ந்த டாக்டர் ஆர். மிஸ்ரா, இங்கிலாந்தின் டாக்டர் பால் பேகன் முதலியோர் சேர்ந்து வகுத்து, 2013-இல் வெளியான மதிப்பீட்டு முறைக்கு "இந்தியத் தகயாசு மதிப்பெண்" என்றே பெயர். கடந்த மூன்று மாதங்களில் நோயாளிக்குப் புதிதாகத் தோன்றியவை யாவை என 44 குறிகளைக் கேட்டும் தொட்டும் பார்த்து, நோய் விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கணிக்கும் முறை அது. விலையுயர்ந்த கருவிகளை மட்டும் நம்பியிராமல், வைத்தியரின் விரலுக்கும் காதுக்கும் மதிப்புத் தரும் ஒரு முறை நம் நாட்டிலிருந்து உலகுக்குச் சென்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

சிறுநீரகக் கிளை குறுகினால் இரத்தக் கொதிப்பு ஏன் ஏறுகிறது என்பது விவசாயிகளுக்கு உடனே விளங்கும். தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று கண்ட கடைமடைக்காரர், ஏரியில் நீர் குறைந்துவிட்டதென்று எண்ணி, மதகை இன்னும் திறக்கும்படி கூக்குரலிடுகிறார். அடைப்போ அவருடைய சொந்த மடையில் இருக்கிறது. மதகு திறக்கத் திறக்க வாய்க்கால் முழுதும் கரை புரள்கிறது. அவர் வயலுக்கு மட்டும் வந்தபாடில்லை. சிறுநீரகமும் அவ்வண்ணமே தனக்கு இரத்தம் போதவில்லை என்று ரெனின் என்னும் பொருளைச் சுரந்து உடல் முழுவதிலும் அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. இளம் வயதில், பருமனும் இன்றி, உப்பும் மிகாமல், இரத்தக் கொதிப்பு மிக உயர்ந்து காணுமாயின் இந்நோயையும் நினைக்க வேண்டும் என்று நம் நாட்டு வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

நோய் எவ்வாறு தொடங்கும்? பலரிடம் அது தன் பெயரைச் சொல்லாமலேயே வருகிறது. விட்டு விட்டு இலேசான காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, மூட்டு வலி, தாங்காத அசதி ஆகியவை சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கும். சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும். நம் நாட்டில் காய்ச்சலும் மெலிவும் கண்டவுடன் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. காசநோய்க்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டோ என்னும் ஐயம் நெடுநாளாக இருந்து வருகிறது, நிரூபணமாகவில்லை. ஆனால் சளியில் கிருமி காணாமலேயே காசநோய் மருந்து தின்று, குணம் காணாமல் காலம் கழித்த பின்னர் இந்நோயென அறியப்படுவோர் உண்டு. இந்த முதற்கட்டம் சிலருக்கு வராமலே போவதும் உண்டு.

அடுத்து வருபவை குழாய் குறுகியதன் குறிகள். ஓர் இளம் நெசவாளிப் பெண்ணை எண்ணிக்கொள்வோம். காலையில் தறியில் அமர்ந்து சிறிது நேரம் நெய்தவுடன் இடது கை கனக்கிறது. இரும்பைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் இழுக்கிறது. கையைத் தொங்கவிட்டுச் சற்று ஓய்ந்தால் சரியாகிறது. மீண்டும் நெய்தால் அதே அளவு நேரத்தில் மீண்டும் வருகிறது. வேலையால் தசை நொந்ததாயின் ஓய்ந்த பின்னும் வலி நீடிக்கும்; தொட்டால் நோகும்; மறுநாள் காலையிலும் தெரியும். இரத்தம் போதாத கை அப்படியன்று. ஓய்ந்தால் விடும், உழைத்தால் பிடிக்கும். துணி துவைக்கும்போதும், தலை வாரக் கையைத் தூக்கும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும் அதுவே நிகழும். அந்தக் கை மற்றதைவிடச் சில்லிட்டிருக்கும். எழுந்தவுடன் தலைசுற்றல், கண் இருளுதல், ஓயாத தலைவலி, நடந்தால் கெண்டைக்கால் இழுத்தல், மூச்சு வாங்குதல் ஆகியவையும் சேரலாம். இவற்றுள் ஒன்றிரண்டு இருப்பதாலேயே ஒருவருக்கு இந்நோய் என்று முடிவு கட்டிவிடலாகாது. பெரும்பாலோருக்கு இரத்தச் சோகையோ வேறு எளிய காரணமோதான் இருக்கும். ஆனால் ஒருமுறை இரு கைகளையும் பார்த்துவிட்டு அவ்வாறு சொல்வது நலம்.

இதுவே நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது நாம் ஒரு கையைத்தான் நீட்டுகிறோம். பார்ப்பவரும் ஒரு கையில் பட்டையைக் கட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைக்கிறார். கூட்டம் மிகுந்த இடத்தில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. இப்போது, இடது கைக்குச் செல்லும் குழாய் குறுகிய ஒரு பெண் இடது கையை நீட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணமாக, கருவி 90/60 என்று காட்டும். "உனக்கு லோ பிரஷர், அதனால்தான் மயக்கம், உப்புச் சேர்த்து மோர் குடி" என்று சொல்லி அனுப்புவார்கள். அவளுடைய வலது கையில் பார்த்திருந்தால் அதே நேரத்தில் 170/100 என்று இருந்திருக்கலாம். இருதயமும் மூளையும் சிறுநீரகமும் தாங்குவது அந்த 170-ஐத்தான். குறைந்த கை சொன்னது பொய். கூடிய கை சொன்னதே மெய். மெய்யை மறைத்த பொய்யை நம்பி, உயர் கொதிப்பு உள்ளவளுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்ததாக முடிகிறது. இத்தகைய பெண்ணுக்குப் பக்கவாதமோ இருதயத் தளர்ச்சியோ வந்த பின்னர், "லோ பிரஷர் பெண்ணுக்கு இது எப்படி வந்தது" என்று வியப்பதில் என்ன பயன்?

இரு கைகளுக்குமிடையே 10 மி.மீ. அளவு வரை வேறுபாடு ஆரோக்கியமானவர்களிடமும் காணக்கூடியதே. மேல் எண்ணில் 20-க்கு மேற்பட்ட வேறுபாடு, ஒருமுறைக்கு இருமுறை பார்த்தும் நிலைத்திருக்குமாயின், காரணம் தேடியாக வேண்டும். 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய முடக்குவாத வைத்தியச் சங்கங்கள் வகுத்த விதிகளில் இந்த 20 மி.மீ. வேறுபாடும் ஒரு குறியாக இடம்பெற்றிருக்கிறது. இரு கைக் குழாய்களுமே குறுகியவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தக் கையும் மெய் சொல்லாது. தொடையில் பட்டை கட்டித்தான் உண்மை அழுத்தத்தை அறிய வேண்டும். அதை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

இங்கே நம் பழைய வழக்கம் ஒன்றை நினைக்காமலிருக்க முடியவில்லை. சித்த வைத்தியர்கள் ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் நாடி பார்ப்பார்கள். தகயாசு நோய் மிகுதியாகப் பற்றும் கிளைகளுள் முதன்மையானது இடது கைக்குச் செல்லும் குழாய். மிகுதியாகப் பற்றப்படுவோர் பெண்கள். இது தற்செயலான ஒற்றுமையே. இதைக் கொண்டு பெருமை பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் இடது கையில் நாடி மெலிந்திருக்கிறது என்று கண்ட நாட்டு வைத்தியர், "பலவீனம்" என்று சொல்லி லேகியம் கொடுத்து அனுப்பாமல், வலது கையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, வேறுபாடு கண்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பாராயின், அவர் செய்யும் உதவி சிறிதன்று.

வீட்டில் பார்க்கும் முறை எளிது. பெண்ணை உட்காரவைத்து, அவளுடைய இரு மணிக்கட்டுகளிலும் பெருவிரல் பக்கமாக நம் நடு மூன்று விரல்களை ஒரே நேரத்தில் இலேசாக வைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் துடிக்கின்றனவா என்பதே கவனிக்க வேண்டியது. ஒன்று மிக மெலிந்தோ முற்றிலும் இல்லாமலோ இருந்தால் மறுநாளும் பார்க்கலாம். பிறவியிலேயே அந்த நாடி சற்று இடம் மாறி ஓடுபவர்களும் உண்டாதலின் கலங்க வேண்டியதில்லை. ஆனால் காட்டாமலும் இருக்கலாகாது. கழுத்து நாடியை அழுத்திப் பார்க்கும் வேலையை வைத்தியரிடமே விட்டுவிட வேண்டும். அவர் கழுத்திலும், காறை எலும்பின் மேலும், வயிற்றிலும் கருவியை வைத்துக் கேட்பார். குறுகிய மடையில் நீர் சீறிப் பாய்வதுபோல் குறுகிய குழாயில் இரத்தம் பாயும் ஓசை அவருக்குக் கேட்கும்.

பிறகு பரிசோதனைகள். டாப்ளர் ஸ்கேன் என்னும் ஒலியலைப் பரிசோதனையில் கழுத்துக் குழாயின் தடித்த சுவரைக் காணலாம். பெருந்தமனி முழுவதையும் காண்பதற்கு சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். இரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்பவற்றைப் பார்ப்பார்கள், உயர்ந்திருந்தால் அழற்சி உண்டென்று கொள்ளலாம். ஆனால் அவை சரியாக இருப்பதால் நோய் அடங்கிவிட்டது என்று உறுதி கூற முடியாது. சுவருக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருக்க, இரத்தப் பரிசோதனை அமைதியாக இருப்பது இந்நோயின் வஞ்சகங்களுள் ஒன்று.

சிகிச்சை உண்டு. அடியோடு வேரறுக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உள்ளன. முதலாவது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. அது விரைவில் அழற்சியைத் தணிக்கும். ஆனால் முகம் உருண்டு போதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு மெலிதல், கண்புரை ஆகிய தொல்லைகளும் அதனால் உண்டு. ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்து, அதன் இடத்தைத் தாங்குவதற்காக மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின், மைக்கோபினோலேட் முதலியவற்றுள் ஒன்றைச் சேர்ப்பார்கள். மைக்கோபினோலேட் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்திக் கண்ட பலனை வேலூர் வைத்தியர்கள் 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு டோசிலிசுமாப், இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் உண்டு, விலை அதிகம். அவற்றைத் தொடங்குமுன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இரத்தக் கொதிப்புக்கான மருந்து தனி.

குறுகிய குழாயைப் பலூன் கொண்டு விரிப்பதும், மாற்றுக் குழாய் வைத்துத் தைப்பதும் உண்டு. நோய் கனன்றுகொண்டிருக்கையில் அவற்றைச் செய்தால் மீண்டும் அடைபடும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் இயன்றவரை அழற்சியை அடக்கிய பின்னரே வைத்தியர்கள் அதற்கு இசைவார்கள். "அடைப்பை இன்றே எடுத்துவிடுங்கள், பணம் எவ்வளவானாலும் கட்டுகிறோம்" என்று அவசரப்படும் உறவினர் இதனை உணர வேண்டும். மேலும், நாளடைவில் பக்கத்துச் சிறு குழாய்கள் தாமே பருத்து அக்கைக்கு ஓரளவு இரத்தம் கொண்டு செல்லும். நாடி இல்லாத கை பட்டுப்போகாமல் வேலை செய்துகொண்டிருப்பதன் இரகசியம் அதுவே.

மருந்தைக் குறைக்கும்போது பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. எனவே உடல் தேறியது என்று தாமே மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதில் இன்னொரு அபாயமும் உண்டு; உடல் தானாகச் சுரக்க வேண்டிய அத்தகைய சத்தை மறந்திருக்கும் வேளையாதலால், மயங்கி விழுந்து உயிருக்கே தீங்கு நேரலாம்.

நம் சமூகத்தில் மாத்திரை நிற்கும் இடம் எது என்பதை நாம் அறிவோம். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியவுடன் மருத்துவச் சீட்டு பெட்டிக்கு அடியில் போகிறது. முகம் உருண்டிருக்கிறதே, கேட்பார்களே என்று மாத்திரையும் நிற்கிறது. மணமாகிப் போன வீட்டில் கேள்வி வரும் என்று பரிசோதனைக்குப் போவதும் நிற்கிறது. இரண்டு ஆண்டுகளில் கருவுற்ற நிலையில், கொதிப்பு ஏறிய பின், விவரம் ஏதும் அறியாத புதிய வைத்தியரிடம் அந்தப் பெண் வந்து சேர்கிறாள். இதைவிடக் கொடிய ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டே செய்ய முடியாது. இந்நோய் உள்ள பெண் மணம் புரியலாம், பிள்ளை பெறலாம், பலர் நலமாகப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்து, முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிக் கருத்தரிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோபினோலேட்டும் சிசுவுக்குத் தீங்கு செய்பவை. அவற்றை முன்னதாகவே மாற்ற வேண்டும். கர்ப்ப காலம் முழுதும் மெய் சொல்லும் கையிலேயே அழுத்தம் பார்க்க வேண்டும். மறைத்து முடித்த கல்யாணத்தில் இவற்றுள் எதுவும் நடவாது. பெற்றோர் மறைப்பது மகளின் நலம் கருதித்தான் என்பதை நாம் உணர்கிறோம். ஆயினும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுவதுதான் அவளுக்குக் காப்பு என்பது எங்கள் துணிவு.

இதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறு சில நோய்களும் உண்டு. பீடி, சிகரெட் பழக்கமுள்ள ஆண்களுக்குக் கால்விரல் கறுத்து அழுகும் பர்ஜர் நோய் வேறு. அது சிறிய, நடுத்தரக் குழாய்களைப் பற்றுவது, புகையை அடியோடு விட்டாலன்றி நில்லாதது. 50 வயதைக் கடந்தோருக்கு நெற்றிப் பொட்டிலுள்ள குழாய் அழன்று கண் பார்வையைப் பறிக்கும் நோயும் வேறு. அது வட ஐரோப்பியரிடம் மிகுதி, நம்மிடம் குறைவு. ஆண்களுக்குத் தகயாசு நோய் வராது என்றும் எண்ண வேண்டாம். ஜப்பானைக் காட்டிலும் இந்திய நோயாளிகளில் ஆண்களின் பங்கு கூடுதல்.

சங்கங்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. 2021 ஆகஸ்டு மாதம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது முதல், வீட்டு வாயிலிலேயே இரத்த அழுத்தம் பார்ப்பது நம் கிராமங்களுக்குப் பழகிய காட்சியாயிற்று. கருவியின் விலையும் எட்டாத தொகையன்று. கூலி பட்டுவாடா நாளிலோ, மஞ்சள் ஏல நாளிலோ, சங்கக் கட்டிடத்தில் ஒரு கருவியை வைத்து, அங்கத்தினர் குடும்பத்துப் பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். நிபந்தனை ஒன்றே: முதல் தடவை இரு கைகளிலும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், கை மேசைமேல் இருதய மட்டத்தில் இருக்க, ஒல்லியான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டிப் பார்க்க வேண்டும். பெரிய பட்டை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பார்த்த இரு எண்களையும் வலது, இடது என்று பெயரிட்டுத் தேதியுடன் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறுபாடு இல்லையெனில் அடுத்து எந்தக் கையிலும் பார்க்கலாம். இருந்தால் எண் கூடிய கையே இனி அவருக்குரிய கை.

வேறுபாடு கண்டவர்கள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆத்தூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். மேற்கொண்டு ஸ்கேன் வேண்டுமாயின் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். இத்தகைய நோய்களுக்கென்றே முடக்குவாதவியல் துறை சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதையும் குடும்ப அட்டையையும் உடன் கொண்டுசென்று, எந்தச் செலவு அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், காசநோய்க்கு மருந்து உண்டிருந்தால் அதன் அட்டை ஆகியவற்றையும் விடாமல் எடுத்துச் செல்ல வேண்டும். வைத்தியர் ஒரு கையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால், மற்ற கையையும் நீட்டிப் பார்க்கும்படி கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.